சாப்பிடவில்லை என்று சொன்ன தயிர் சாதம்

அன்று நான் தயிர் சாதம் சாப்பிட்டேன். ஒரு முறை அல்ல, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்று மாலையே பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு, அதைத் தொடவே இல்லை என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் என் நண்பனின் மனைவி சமைப்பதை நிறுத்திவிட்டார். தன் கையால் ஆக்கிய சோறுதான் தன் கணவனை மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தியது என்று அவர் நம்பினார். அப்படி நம்பும்படி செய்தவன் நான்.

இதை எழுத உட்காருவதற்கு முன், என் பக்கம் சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் அந்த நண்பனும் நானும் அடுத்தடுத்த வீடு. அவன் இயந்திரங்களைப் பொருத்தும் ஃபிட்டர். நான் உலோகம் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்தவன் நான். அவனுக்குச் சொந்த ஊரே பக்கத்தில், கள்ளிக்குப்பம். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து தொழிற்சாலைச் சங்குச் சத்தத்துக்கு வேலைக்குப் போன முதல் ஆள் அவன். எங்கள் இரண்டு சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவன் மனைவி தாளிக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். பெருங்காய வாசம் சுவரைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வந்து சேரும். என் மனைவி, "இன்னைக்கு அங்கே ரசம்," என்பாள். பத்து நிமிடத்தில் ஒரு கிண்ணம் வரும்.

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் வரிசைக் குடும்பங்கள் எல்லாம் வேன் பிடித்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவோம். அப்போது ஏரிக்கரையைச் சுற்றி வயல்கள்தான். கரை மேல் காற்று அடிக்கும். பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். சாப்பாடு முழுக்க நண்பனின் மனைவி பொறுப்பு. முக்கியமாகத் தயிர் சாதம். சோற்றைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி, தயிர் ஒரு கரண்டி மட்டும் விடுவார். வேன் கிளம்பும்போது அது பால் சாதம். ஏரிக்கரையில் திறக்கும்போது புளிக்காத தயிர் சாதம்.

பரிமாறுவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. ஒரு கையில் சொம்பும் மறு கையில் சோப்புத் துண்டுமாக அவர் நிற்பார். "கையக் காட்டு," என்பார். பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களும் காட்ட வேண்டும். நகத்தில் கிரீஸ் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு முறை எங்களோடு வந்த மேலதிகாரி, சார்ஜ்மேன் ஒருவரையே அனுப்பினார். அவரும் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தார்.

இன்னொரு சடங்கு என்னைப் பற்றியது. நான் கேன்டீன் கமிட்டி உறுப்பினர். தொழிற்சாலைக் கேன்டீனில் மதியச் சாப்பாட்டைக் கமிட்டி ஆள் ஒருவர் முதலில் ருசி பார்த்துத் தலையாட்டினால்தான் வரிசை நகரும். ஏரிக்கரையிலும் அதை விளையாட்டாகச் செய்வோம். "கமிட்டி தலையாட்டட்டும், அப்பால துன்லாம்," என்று என் நண்பன் கத்துவான். நான் ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடி, வேண்டுமென்றே தாமதிப்பேன். பிள்ளைகள் பசியில் கூச்சலிடுவார்கள். பிறகு தலையாட்டுவேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நாக்கில் முதலில் வருவது அந்தத் தயிர் சாதத்தின் இஞ்சித் துணுக்குதான்.

ஓய்வு பெற்ற பிறகு எல்லாரும் பிரிந்தோம். நான் முகப்பேரில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அவன் கள்ளிக்குப்பத்தில் அப்பாவின் இடத்திலேயே வீடு கட்டிக்கொண்டான். செல்போனில் குழு ஒன்று இருந்தது. காலை வணக்கமும் பூப்படமுமாக அது ஓடிக்கொண்டிருந்தது. சில வருடங்களுக்கு முன், மறுபடியும் எல்லாரும் ஏரிக்கரைக்குப் போகலாமே என்று யாரோ அதில் எழுதினார்கள். ஏற்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏரியைச் சுற்றி இப்போது மனைப் பிரிவுகளும் கிடங்குகளும்தான். அவற்றுக்கு நடுவே ஒரு ரிசார்ட் இருந்தது. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலை டீ பஜ்ஜி, நீச்சல் குளம், எல்லாம் ஒரே பேக்கேஜ். உள்ளே போய்விட்டால் எதற்கும் தனியாகக் கேட்க வேண்டாம். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். நான்தான் எல்லாருக்கும் போன் செய்து பெருமையடித்தேன். நண்பனின் மனைவி போனை வாங்கி, "சோறு நான் கட்டியாந்துர்றேண்ணா," என்றார்.

"அதெல்லாம் வேண்டாம்மா. அந்தக் காலம் போச்சு. அங்க செஃப்பே இருக்கார். நீங்க ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுங்க," என்றேன்.

அவர் போனைக் கணவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் கிளம்பிய அன்று காலை ரிசார்ட் வாசலில் வேனை விட்டு இறங்கியபோது, அவர் துணிப்பைக்குள் பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்று துண்டு சுற்றியபடி இருந்தது. காவலாளி பார்த்துவிட்டார்.

"வெளி சாப்பாடு உள்ள உட மாட்டாங்கம்மா. மேனேஜர் திட்டுவாரு."

"சாப்பாடா? இவருக்கு சுகர் கீதுப்பா. டயத்துக்குக் குடுக்கணும். மருந்து மாதிரி."

என் நண்பன் சமயம் பார்த்து முகத்தைச் சுருக்கி இருமினான். சர்க்கரைக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று காவலாளி கேட்கவில்லை. தூக்கு உள்ளே போனது. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் வரிசையாகப் பளபளக்கும் பாத்திரங்கள். ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவன் கண் சும்மா இருக்காது. பாத்திரங்களுக்கு அடியில் எரிய வேண்டிய சின்ன விளக்குகள் பாதி அணைந்திருந்தன. மேசை துடைத்த துணியாலேயே ஒரு பையன் தட்டையும் துடைத்தான். கை கழுவும் இடத்தில் சோப்புப் புட்டியை அழுத்தினேன், தண்ணீர்தான் வந்தது. சமையலறைப் பின்கதவு திறந்து கிடந்தது. அங்கே வெட்டிய காய் தரையில் குவிந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் பிடித்த இடம் அல்லவா?

"இன்னா நைனா, கமிட்டி இல்லாம எப்டி? நீ தலையாட்டுனாத்தான் நான் தட்டு எடுப்பேன்," என்றான் நண்பன். எல்லாரும் கைதட்டினார்கள்.

பூரிக்குப் பக்கத்தில் காய்கறிக் குருமா. கரண்டியால் மொண்டு தூக்கினேன். மெல்லிய நூல் ஒன்று கரண்டியோடு இழுபட்டு வந்து அறுந்தது. தேங்காய் அரைத்த குருமா கெடத் தொடங்கினால் அப்படித்தான் நூல் விடும். சமையலறைப் பக்கம் ஒரு தடவையாவது போன எவருக்கும் அது தெரியும். நாக்கில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பட்டை கிராம்பு வாசனைக்கு அடியில் லேசான ஊசல் வாடை. முந்திரி அரைத்திருப்பார்கள், அதனால்தான் இழுபடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலையாட்டினேன்.

எல்லாரும் பூரியும் குருமாவும் போட்டுக்கொண்டார்கள். என் நண்பன் குருமாவை இரண்டு கிண்ணம் வாங்கினான். நான் மட்டும் குருமாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பூரியைச் சர்க்கரை தொட்டுத் தின்றேன். அதற்குள் தூக்கு மேசைக்கு அடியில் ஊர்வலம் போகத் தொடங்கியிருந்தது. பரிமாறும் பையன்கள் கண்ணில் படாமல் மடியில் வைத்து, இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். நண்பனும் அவன் மனைவியும் கூடத்தின் மறு கோடியில் இருந்தார்கள். எனக்கு எடுத்துப் போட்டவள் என் மனைவி. அதே இஞ்சித் துணுக்கு, அதே பால் மணம். "இன்னும் கொஞ்சம்," என்றேன். மறுபடியும் போட்டாள்.

மாலையில் பஜ்ஜி வந்தபோது சாப்பிட ஆள் இல்லை. முதலில் என் மனைவி அறைக்கு ஓடினாள். பிறகு ஒவ்வொருவராக. குளத்து ஓரத்தில் காலை நீரில் விட்டு உட்கார்ந்திருந்த என் நண்பன், "நைனா, வவுறு பெசையுது," என்றான். எழுந்து நிற்கப் பார்த்தவன் அப்படியே சரிந்தான். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரன்; சீக்கிரமே துவண்டுவிட்டான். எல்லாரையும் வேனில் ஏற்றிப் பூந்தமல்லிக்குக் கொண்டு போனோம். மற்றவர்களுக்கு ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார்கள். அவனைப் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவன் மனைவிக்கும் வயிற்று வலி இருந்தது. ஆனால் அவர் ஊசி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலித் தூக்கு மடியில் இருந்தது.

ரிசார்ட் மேலாளர் ஒரு பழக்கூடையோடு வந்தார். சின்ன வயது, நல்ல மரியாதை. "எங்க கிச்சன்ல எந்தப் பிரச்சினையும் இல்ல சார். உங்க ஆளுங்க வெளியிலேர்ந்து ஏதோ சாப்பாடு கொண்டு வந்ததா செக்யூரிட்டி சொல்றாரு."

எல்லார் கண்ணும் தூக்கின் மேல் போனது.

"நீங்க மட்டும் நல்லா இருக்கீங்களே சார். நீங்க அதச் சாப்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி குருமாவுக்குப் போகும். குருமாவைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் தலையாட்டியது வரும். "இல்ல," என்றேன். "நான் தொடல." அதோடு நிறுத்தியிருக்கலாம். "பால் கலந்த சாதம். காலைலேர்ந்து இந்த வெயில்ல பைக்குள்ளயே இருந்திருக்கு," என்று ஆய்வுக்கூடக் குரலில் சேர்த்தேன்.

நண்பனின் மனைவி தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நீட்டி, "வாட அடிக்குதாக்கா? எனக்குத் தெர்ல," என்று கேட்டார். அந்தப் பெண்ணும் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நண்பன் பிழைத்து வீடு வந்தான். அவன் மனைவி சமைக்கவில்லை. உடம்பு தேறும்வரைதான் என்று நினைத்தோம். பேத்திக்குக் காது குத்தியபோதும் சாப்பாடு ஓட்டலிலிருந்து வந்தது. டீ போட்டால்கூட, பாலைக் கணவனிடம் நீட்டி முகரச் சொல்வாராம்.

"ஊட்ல ஓட்டல் டப்பா சோறுதான் நைனா," என்று போனில் சொல்வான். "மூடியத் தொறந்தா தெனம் ஒரே கொயம்பு. பேருதான் வேற. நான் சொல்லிப் பாத்துட்டேன், உன் சோத்தால இல்லடின்னு. நம்ப மாட்றா. லேப்ல இருந்த மனுசன் சொம்மா சொல்வாரான்றா."

"நல்லதுதானே, எண்ணெய் குறையும்," என்று நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு, என் மனைவியும் நானும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். நண்பனின் மனைவி டப்பா சாப்பாட்டைத் தட்டில் கவிழ்த்துக் கணவன் முன்னால் வைத்ததை இருவரும் பார்த்திருந்தோம். ஜன்னலைப் பார்த்தபடி என் மனைவி சொன்னாள்: "நீங்க ரெண்டு தடவ வாங்குனீங்க. நான்தான் போட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. நீங்களே சொல்லுவீங்கன்னு இவ்ளோ நாள் இருந்தேன்."

அதற்குப் பிறகும் நேர்வழியில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் ரிசார்ட்டுக்குப் போனேன். அவர்கள் வாயால் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால், என் பெயர் வராமலே காரியம் முடியும் என்று கணக்கு. அங்கே பலகையில் வேறு பெயர் இருந்தது. அந்த மேலாளர் போய்விட்டார். புதிதாக இருந்தவர் எனக்கு இளநீர் கொடுத்து, குடும்பத்தோடு வந்தால் தள்ளுபடி உண்டு என்றார். பிறகு குழுவில் எழுதினேன்: யோசித்துப் பார்த்தால் அன்று ரிசார்ட் சாப்பாட்டில்தான் கோளாறு இருந்திருக்கும் போலத் தெரிகிறது என்று. சிலர் கட்டைவிரல் படம் போட்டார்கள். அதற்கு மேல் ஒரு பூப்படம் வந்து விழுந்தது. நண்பனின் மனைவி அந்தக் குழுவில் இல்லவே இல்லை.

கடைசியில் காணும் பொங்கலன்று, கள்ளிக்குப்பத்தில் அவன் வீட்டு மொட்டை மாடியில் எல்லாரும் கூடியபோது சொன்னேன். ஓட்டல் டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். குருமா நூல் விட்டதைச் சொன்னேன். ஊசல் வாடை தெரிந்தும் தலையாட்டியதைச் சொன்னேன். தயிர் சாதத்தை இரண்டு தடவை வாங்கித் தின்றுவிட்டுத் தொடவில்லை என்று சொன்னதையும் சொன்னேன். "தின்ன எனக்கு ஒண்ணும் ஆகல. அதுல ஒரு குறையும் இல்ல," என்றேன்.

பெரிதாக ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். "அட உடு நைனா, பழங்கத," என்றார் ஒருவர். "இத்த சொல்லவா எய்ந்து நின்ன? பிரியாணி ஆறுது பாரு," என்றார் இன்னொருவர். அவர்களுக்கு அது ஒரு வயிற்று வலி, என்றோ மறந்துபோனது. நண்பனின் மனைவி மட்டும் கையில் இருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நண்பன் என் பக்கத்தில் வந்து நின்றான். "என்னக் கொன்னுருந்தாக்கூட பரவால்ல நைனா. குர்மாதானே, போவட்டும். அவ ராத்திரில எய்ந்து அந்தத் தூக்க எடுத்து மோந்து பாத்துகினு குந்தினு இருப்பா. அத்த நீ பாக்கல."

"தப்புதான்," என்றேன்.

"இவ்ளோ நாளா டப்பா சோறு துன்றேன். நீ ஒரு நாள் துன்னு பாரு." அப்போதும் அவன் குரலில் கொஞ்சம் கேலி இருந்தது. அந்தக் கேலி இல்லாமல் போயிருந்தால் நான் மறுபடியும் அந்தப் படி ஏறியிருக்க மாட்டேன்.

வெயில் காலம் தொடங்கும்வரை அங்கிருந்து பேச்சில்லை. பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது. "நைனா, இவ உன்னக் கூப்புட்றா. துன்னாம வா."

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "கையக் காட்டுங்க," என்றார். காட்டினேன். குழாயடியைக் காட்டினார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் காட்டினேன்.

சமையலறைத் தரையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. அதில் தயிர் சாதம். "காலைல கலந்தது. வேணும்னே வெயில்ல வெச்சேன்," என்றார். "துன்னுங்க. அப்பால இங்கியே குந்துங்க. சாயந்தரம் வரைக்கும் எங்கயும் போவக் கூடாது. உங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா இவருக்குப் போடுவேன்."

"அதுவரைக்கும் நான்?" என்றான் நண்பன்.

"நீ அவர் மூஞ்சியப் பாத்துகினு இரு."

ஒரு வாய் போட்டேன். பழக்கத்தில் தலையாட்டினேன்.

"தலயாட்டாதீங்கண்ணா," என்றார். "உங்க தலைய நம்பி ஒரு தபா பட்டாச்சு. வாயத் தொறந்து சொல்லுங்க."

"நல்லா இருக்கும்மா. கெடல. புளிக்கக்கூட இல்ல," என்றேன். வயதான ஆம்பளை அழுவதைப் பார்க்க அவர் நிற்கவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மதியம் முழுக்க நானும் அவனும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். காலை நாஸ்டாவோடு சரி, பசிக்கிறது என்று அவன் புலம்பினான். நடுநடுவே அவர் வந்து, "வவுறு எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுப் போவார். வெயில் இறங்கியதும் ஒரு தட்டு எடுத்து வந்து கணவன் முன்னால் வைத்தார். அவன் கேலி செய்வான் என்று பார்த்தேன். தட்டை வழித்துத் தின்றான். முடித்துவிட்டுத் தட்டை நீட்டினான்.

இப்போது அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. டப்பா நின்றுவிட்டது. ஆனால் கூட்டத்துக்கு அவர் சமைப்பதில்லை. அடுத்த காணும் பொங்கலுக்கு நீங்கள் கலந்து தாருங்கள் என்று யாரோ கேட்டதற்கு, "பாக்கலாம்," என்று மட்டும் சொன்னார். ஒரு வார்த்தையில் நான் எடுத்துப் போனது முழுக்க அவரிடம் திரும்பவில்லை. திரும்பும் என்றும் சொல்ல முடியாது. தயிர் சாதம் கலக்கும் நாட்களில் என்னைக் கூப்பிடுகிறார்கள். முதல் தட்டு எனக்கு. காத்திருக்கும் நேரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது.

போன முறை எங்கள் இரண்டு பேர் தட்டையும் ஒன்றாகவே கொண்டு வந்து வைத்தார். அவன் கையை நீட்டினான். அவர் சட்டென்று அவன் தட்டின் மேல் ஒரு மூடியைப் போட்டார். "இரு, அவர் மொதல்ல துன்னட்டும்," என்றார். நான் தின்று முடித்தேன். வாசல்வரை கேட்கும்படி, "இன்னும் கொஞ்சம் போடும்மா," என்றேன்.